கோலப்பொடியில் விழாத துளி

அண்ணே,

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கம்பெனியின் சர்க்கரைக் குடோனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே கார்த்திகை மழை. காலையில் கருவிப் பையைத் திறந்தபோது, மல்டிமீட்டருக்கும் ஸ்பானர்களுக்கும் நடுவே கோலப்பொடிப் பாக்கெட் பிய்ந்து, பை முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அந்தக் கல்மாவு வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரியே இருந்தது. குடோன் பொறுப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "சோலார் மாட்ட வந்தவிய பையில கோலப்பொடி என்னத்துக்கு?" என்று கேட்டார். "இருக்கிறதுலயே முக்கியமான மீட்டர் அதுதான்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க எனக்கும் பொறுமை இல்லை.

கூரை மேல் பேனல் மாட்டி முடித்து நான்கு நாள் ஆகிறது. முதல் பெருமழை இன்றுதான். குடோனின் சிமெண்டுத் தரை முழுக்க, நீங்கள் தூவுகிற மாதிரியே கையை ஆட்டி ஆட்டி, பொடியை மெல்லிசாகத் தூவிவிட்டேன். சர்க்கரை மூட்டைகள் இன்னும் பழைய கட்டடத்திலேயே இருக்கின்றன. பொடி என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகுதான் இங்கே கொண்டு வருவார்களாம். மழை விடும்வரை எனக்கு வேலை இல்லை. உங்களோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று நோட்டை எடுத்துவிட்டேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டதே சண்டையில்தான். ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி மில்லின் கூரை மேல். மதுரையில் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, சொந்தமாக நான் எடுத்த முதல் வேலை அது. "பொம்பளப் பிள்ள கூரை மேல ஏறி என்னத்தக் கிழிக்கப் போறா" என்று பேசியவர்களை எல்லாம் எனக்குத் தெரியும். அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்ற வெறியோடு, சாக்பீஸால் கோடு போட்டு, டிரில்லைக் கையில் எடுத்தேன். எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று காட்டுவதற்காக, அந்தக் கூரையைப் போட்ட மேஸ்திரியை மில்காரர்கள் வரச் சொல்லியிருந்தார்கள். ஏணியில் தலை தெரிந்தது. நரைத்த பட்டாள மீசை தெரிந்தது. பிறகு நீங்கள்.

"என்னம்மா செய்யிதீய?"

"ஓட்டை போடுதேன். கம்பி நிக்கணும்லா."

"என் கூரையிலயா?"

"முதலாளி கூரைல்லா இது?"

"துட்டு அவியளுது. கூரை என்னுது."

சொல்லிவிட்டு நீங்கள் செய்த காரியத்தை நான் இன்றுவரை யாரும் செய்து பார்த்ததில்லை. நான் கோடு போட்டிருந்த இடத்திலேயே மல்லாந்து படுத்துவிட்டீர்கள். "போடுங்க. மொதல்ல என் நெஞ்சுல போட்டுட்டு, பொறவு ஷீட்டுல போடுங்க." பதினோரு மணி வெயில். தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தீர்கள். நானும் இறங்குவதாக இல்லை. கொஞ்ச நேரத்தில் உங்கள் நெற்றி நரம்பு புடைத்ததைப் பார்த்து, எனக்கே பாவமாகி, என் தண்ணீர் பாட்டிலை உங்கள் தோள்பக்கம் ஊற்றினேன். தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியது. அப்போதும் எழுந்திருக்கவில்லையே, என்ன வீம்பு அது.

அது சாதாரணத் தகரக் கூரை இல்லை என்பது எனக்கும் தெரியும். இரண்டு ஷீட்டுகளின் ஓரங்களையும் நிமிர்த்தி, ஒன்றை ஒன்று கவ்வ வைத்து மெஷினால் மடித்துவிடும் கூரை. உச்சியிலிருந்து விளிம்புவரை மடிப்புகள் வரப்பு வரப்பாக எழுந்து நிற்கும். மேலே ஓர் ஆணி கூடக் கிடையாது. அதனால் ஒழுகவும் வழி கிடையாது. அதில் போய் ஓட்டை போட்டு, ரப்பர் வாஷரையும் சிலிக்கானையும் வைத்து அடைப்பதுதான் நம் ஊரில் நடந்துகொண்டிருந்தது. நானும் அதையே செய்யப் போனேன். கீழே வெளுத்த பேண்டேஜ் துணி அடுக்கடுக்காக இருந்தது. ஒரு சொட்டு விழுந்தால் பழுப்புக் கறை. கறை பட்ட துணியை எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது.

"அப்ப பேனல எங்க வைக்க, உங்க தலையிலயா?" என்று கேட்டேன்.

"தலையில வச்சாக் கூட ஒழுகாதுல்லா" என்றீர்கள், படுத்தபடியே.

சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். சண்டை அங்கேயே பாதி போய்விட்டது.

மடிப்பைப் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கிற அலுமினிய கிளாம்ப் இருக்கிறது என்பதைக் கேட்லாக்கில் பார்த்திருந்தேன். யாரும் கேட்காததால் நானும் வாங்கியதில்லை. ஒரே வாரத்தில் வரவழைத்து உங்கள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "துணி காயப்போடுத கிளிப்பு மாதிரில்லா இருக்கு. ஆடிக் காத்துக்கு இது தாங்குமாக்கும்?" என்றீர்கள். ஓட்டையும் கூடாது, கிளாம்பும் நம்ப மாட்டேன் என்றால் நான் என்னதான் செய்வது? எரிச்சலில் கத்திவிட்டேன். நீங்கள் போய், கூரை போட்டபோது மிஞ்சிய ஷீட்டுத் துண்டு இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

மில் முற்றத்தில் அந்தத் துண்டுகளை மடித்து, தலைகீழாக இரும்புச் சட்டத்தில் இறுக்கி, மடிப்பில் என் கிளாம்பை மாட்டி, அதிலிருந்து இறுக்கிக் கட்டிய ஒரு துணிப் பேலைத் தொங்கவிட்டோம். நின்றது. இரண்டாவது பேல். நின்றது. தறிக்காரர்கள், பேல் கட்டுகிறவர்கள், காவல்காரர் எல்லோரும் கூடிவிட்டார்கள். கடைசியில் நீங்களே அந்தப் பேல் மேல் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தீர்கள். ஷீட்டு லேசாக வளைந்தது. கிளாம்ப் ஒரு நூல் நகரவில்லை. மேலே இருந்தபடியே, "சரி தங்கச்சி, உன் கிளிப்பு கெட்டிதான்" என்றீர்கள். மேடம் போய், அம்மா போய், அன்றைக்குத்தான் தங்கச்சி ஆனேன்.

கிளாம்பை முறுக்குவதற்கு அளவு உண்டு. முனை மழுங்கிய ஸ்க்ரூ மடிப்பை அமுக்க வேண்டும், துளைக்கக் கூடாது. குறித்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் போடும் டார்க் ரெஞ்ச் என்னிடம் இருந்தது. அந்தச் சத்தம் உங்களுக்கு ஏனோ ரொம்பப் பிடித்துப்போனது. நான் முறுக்க முறுக்கப் பின்னாலேயே வந்து, ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பீர்கள். பெயிண்ட் ஒரு இடத்தில் உரிந்திருந்தாலும் "இங்க வாடி" என்று கூப்பிட்டுக் காட்டி, கையோடு டச்சப் வைக்கச் சொல்வீர்கள். பட்டாளத்தில் இருந்தபோது மலைமேல் ஒழுகும் தகரக் கூரைக்குக் கீழே ஒரு குளிர்காலம் முழுக்க ஈரக் கம்பளியோடு படுத்த மனிதர் நீங்கள். ஓட்டை என்ற சொல்லே உங்களுக்குப் பிடிக்காது. டீக்கடையில் வடையைக் கூட வேண்டாம் என்று போண்டா கேட்பீர்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நீங்கள் மறுக்கவும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு மம்சாபுரத்தில் உங்கள் வீட்டிலிருந்து மூன்று அடுக்குத் தூக்கு வரும். கொஞ்ச நாளில் அது நான்கு அடுக்கானது. நாலாவது எனக்கு. மதினி முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவர்கள் கை புளிச்சோற்றுக்கு நான் அடிமை.

பேனல் ஏற்றுவதற்கு முன் கூரையைச் சோதித்த அன்றுதான் முதலில் கோலப்பொடியைப் பார்த்தேன். தரை முழுக்கத் தூவிவிட்டு, மேலே கூரையில் குழாயால் தண்ணீர் அடிக்கச் சொன்னீர்கள். "ஈரம் காஞ்சு போவும். பொடியில விழுந்த குழி காயாது. பொய்யும் சொல்லாது." அன்று ஒரு குழியும் இல்லை. அந்தப் பொடியைத் துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் போடப் போனேன். தடுத்துவிட்டீர்கள். துளி விழாத பொடியை அள்ளி மில் பெண்களிடம் கொடுத்து, வாசலில் கோலம் போடச் சொல்வது உங்கள் வழக்கம். துளி விழுந்த பொடியாக இருந்தால் குப்பைக்குப் போகும். நீங்கள் மறுபடி கூரைக்குப் போவீர்கள். அப்படி ஒரு வழக்கத்தை உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நீங்களாகவே வைத்துக்கொண்டது.

இவ்வளவு சரியாகப் போன வேலையில் இடறியது கடைசி வரிசை. கூரை விளிம்பை ஒட்டிய மடிப்புகளில் கிளாம்ப் உட்காரவில்லை. தட்டினேன், சாய்த்தேன், வாயைத் திறந்து பார்த்தேன். மடிப்பு அங்கே மட்டும் தடித்திருந்தது. மானேஜர் கீழிருந்து கை காட்டினார். "கடைசி வரிசை மட்டும்தான? ஓட்டையப் போட்டு சிலிக்கான் வச்சு அடைங்க. யாருக்குத் தெரியப் போவுது?" எனக்கும் அலுத்துவிட்டது. இத்தனை பேனல் தருவேன் என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. உங்களைப் பார்க்காமல் டிரில் இருந்த பெட்டியைத் திறந்தேன். அதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"இரு தங்கச்சி" என்றீர்கள். "அந்த மடிப்பு மெஷின் போட்டது இல்ல. நான் போட்டது."

செட்டியார்பட்டியில் நீங்கள் போட்ட ஒரு ஷெட்டின் விளிம்பை முன்பு ஒருமுறை காற்று கிளப்பிவிட்டதாம். அதிலிருந்து எந்தக் கூரையானாலும் விளிம்பிலிருந்து ஆறடிக்குக் கொட்டாப்புளி மரச்சுத்தியலால் தட்டி இன்னொரு மடிப்பு மடித்துவிடுவீர்களாம். மெஷினை நம்பவில்லையா என்று கேட்பார்களே என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

"நான் மடிப்ப அளக்கையில பக்கத்துலதான நின்னீய?" என்று பாய்ந்தேன்.

"நின்னேன். நீ உச்சியில அளந்த. ஓரம் எனக்கு நெனப்புலயே இல்ல."

நானும் ஓரத்தில் ஒருமுறை அளந்திருக்கலாம். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால், நான் ஓட்டை போட்டிருப்பேன், உங்கள் தப்பு சிலிக்கானுக்குக் கீழே போயிருக்கும். அது தெரிந்தும் நேராக முதலாளி அறைக்குப் போனீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். அந்த மில்லில் யாருக்கும் தலை குனியாத ஆள், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "தப்பு என்னோடது ஐயா. வாய் அகலமான கிளாம்பு வரட்டும். அதுவரைக்கும் கடைசி வரிசையத் தொட வேண்டாம்" என்றீர்கள். முதலாளி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு, "மழைக்கு முன்னால முடிங்க. ஒரு சொட்டு எறங்குச்சுன்னா ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வரப்பிடாது" என்றார்.

வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "ஏட்டி, அந்த டிரில்ல மொதல்ல வீட்டுல வச்சிட்டு வா" என்றீர்கள். நீங்கள் என்னோடு மில்லில் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் ஏறிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வந்து, சாப்பிட்டு, செத்த நேரம் படுக்கிறேன் என்று படுத்திருக்கிறீர்கள். சாயங்காலக் காப்பிக்கு மதினி எழுப்பியபோது நீங்கள் இல்லை. மம்சாபுரம் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மழைச்சாரலுக்காக மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. அதில் ஒரு ஓட்டை. நீங்கள் எழுந்து வந்து சண்டை போடுவீர்கள் என்று நினைத்தேன் அண்ணே. அத்தனை பேர் நடுவில் அதைத்தான் நினைத்தேன்.

உங்கள் பதினாறாம் நாளுக்கு முந்தைய நாள் பார்சல் வந்தது. வாய் அகலமான கிளாம்ப். உங்களோடு வேலை பார்த்த இருவரைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். இடுப்புக் கயிற்றை மாட்டி, விளிம்புப் பக்கம் குனிந்து, நீங்கள் கையால் தட்டி மடித்த மடிப்பின் மேல் முதல் கிளாம்பை வைத்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. முறுக்கினேன். 'டக்.' பின்னால் கட்டைவிரலால் தடவ ஆள் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் அழுதேன். பிறகு நானே தடவிப் பார்த்தேன். அடுத்ததையும், அதற்கு அடுத்ததையும். கடைசி வரிசையில் நான் தடவாத மடிப்பு ஒன்று கிடையாது.

அந்த வருஷக் கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மேற்கு மலையே தெரியவில்லை. தெருவில் மரம் சாய்ந்தது, எத்தனையோ ஷெட்டுகளில் தகரம் பிய்ந்தது. மூன்றாம் நாள் காலை முதலாளியே போன் பண்ணி, "வாம்மா, உன் பொடியக் கொண்டா" என்றார். கடைசி வரிசைக்கு நேர் கீழே துணி அடுக்குகளை ஒதுக்கச் சொல்லித் தூவினேன். அவசரமாகத் தூவியதில் சில இடம் திட்டாக விழுந்தது. ஒரு மணி நேரம் மில்லே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தறி ஓடவில்லை. மேலே பேனல்களின் மேல் மழை கொட்டும் சத்தம் மட்டும்.

திடீரென்று பேல் கட்டுகிற அக்கா, "அங்க பாருங்க, குழி" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஒன்று, இரண்டு, வரிசையாக ஐந்தாறு குழி. முதலாளி என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். கூரையின் உள்பக்கம் வறண்டு கிடந்தது. அந்தக் குழிகள் போன வழியே கண்ணை ஓட்டினால், அங்கே நம் மானேஜர், சொட்டச் சொட்ட நனைந்த குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ஓட்டை போடச் சொன்ன அதே மானேஜர். தறிக்காரர்கள் அவரை ஏசிய ஏச்சை எழுத முடியாது. "குடைக்கு ஒரு கிளாம்பு மாட்டும்மா" என்றார் முதலாளி. அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

குடையை வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி தூவி, மறுபடி ஒரு மணி நேரம். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டி போட்டு, தரையோடு தரையாகக் கண்ணை வைத்துப் பார்த்தார். பொடி தூவினபடியே இருந்தது. எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, "எறங்கல" என்றார். ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்குத்தானே அண்ணே வெந்த தகரத்தில் படுத்தீர்கள். மில் முழுக்கக் கைதட்டியது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அது. பாதி உங்களுடையது; இல்லை, பாதிக்கு மேல்.

அப்போதுதான் வாசலில் மதினி நிற்பதைப் பார்த்தேன். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. மழையோடு மழையாக மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். "அவிய கூரைய நானும் பாக்கணும்லா" என்றார்கள். பார்த்தார்கள். அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

நான் பொடியை அள்ளி ஒரு தட்டில் வைத்து, மில் வாசல் பந்தலுக்குக் கீழே குனிந்து கோலம் போடப் பார்த்தேன். எனக்குக் கோலம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு புள்ளி வைப்பதற்குள் வரிசை கோணிக்கொண்டது. மதினி பார்த்துக்கொண்டே நின்றவர்கள், "புள்ளியே வைக்கத் தெரியல, மேல அம்புட்டு பேனலயும் எப்படி ஏட்டி நேரா வச்ச?" என்று கேட்டுவிட்டு, தட்டை என் கையிலிருந்து வாங்கினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காவல்காரர் மனைவி தணிந்த குரலில், "நீங்க போடலாமாக்கா?" என்றாள். புருஷன் போன பெண் மங்கல வாசலில் கோலம் போடுவதா என்ற கேள்வி அது.

மதினி நிமிரவே இல்லை. "அவிய போட்ட கூரைக்கு நான் போடாம வேற ஆரு போடுவா?" என்றார்கள்.

முதலாளி தன் செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு நின்றார். பதினைந்து புள்ளிக் கோலம். ஓர் இழை கோணவில்லை.

அதற்குப் பிறகு நம் ஊர்ப் பக்கம் மடிப்புக் கூரையில் பேனல் வைக்க வேண்டும் என்றால் என்னைத்தான் கேட்கிறார்கள். "ஓட்டை போடாத அம்மா" என்று எனக்குப் பெயர். பொம்பளப் பிள்ள என்னத்தக் கிழிக்கப் போறா என்றவர்களில் ஒருவர் வீட்டுக் கல்யாண மண்டபத்துக்கும் நான்தான் மாட்டினேன். அவரை மண்டி போட்டுப் பொடியைப் பார்க்க வைத்தேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மடிப்பை இப்போது உச்சியில், நடுவில், ஓரத்தில் என்று மூன்று இடத்தில் அளக்கிறேன். டிரில் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

மழை விட்டுவிட்டது அண்ணே. நோட்டை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குடோன் பொறுப்பாளரும் கூடவே குனிந்து பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு குழி இல்லை. மீட்டர் எதற்கு என்று இப்போது அவருக்கு விளங்கியிருக்கும். சர்க்கரை மூட்டை ஏற்ற வண்டி சொல்லி அனுப்பிவிட்டார். வாசல் கோலத்துக்குத் தன் வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லவா என்று கேட்டார். வேண்டாம், ஆள் வருகிறது என்றேன்.

மம்சாபுரம் பஸ் முக்கில் வந்து நிற்கிறது. மதினி இறங்கிச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேங்கின தண்ணீரைத் தாண்டி வருகிறார்கள். கையில் தூக்கு இருக்கிறது. பொடியை அள்ளித் தட்டில் வைத்துவிட்டேன். காய்ந்த பொடி, அண்ணே.